ஓங்கி அடித்தால் மட்டும் 'கிர்ர்': கியூவில் எது தளர்ந்திருக்கிறது?

#1 கோட்டுப்பந்து

ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். என் கியூ பேச ஆரம்பித்துவிட்டதால் நானும் எழுத வேண்டியதாகிவிட்டது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பழைய பூல் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் குச்சியை, வாங்கினேன். இரண்டு துண்டு (முன்பாதி ஷாஃப்ட், பின்பாதி பட்), 58 அங்குலம், மேப்பிள் ஷாஃப்ட், இரண்டையும் ஜாயின்ட்டில் இணைக்கும் 3/8-10 பின், லினன் நூல் சுற்றிய கைப்பிடி. மேசையில் உருட்டிப் பார்த்தேன், நேராகத்தான் இருக்கிறது. முதல் நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. இப்போது ஒரு மாதமாக, ஓங்கி அடித்தால் மட்டும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அரை நொடிகூட நீடிக்காது. தேனீ ஒன்று கைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி உள்ளங்கையில் ஒரு கூச்சம். மெதுவான அடிகளில் எதுவும் இல்லை. பிரேக்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியில், தவறாமல் வருகிறது.

குலுக்கிப் பார்த்தால் உள்ளே எதுவும் ஆடவில்லை. எங்கிருந்து வருகிறது என்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் ஜாயின்ட் என்று தோன்றுகிறது, மறுநாள் கைப்பிடிக்குள் என்று தோன்றுகிறது. கூட ஆடுகிறவர் டிப்பை (பந்தில் படும் முனைத் தோலை) மாற்றச் சொல்கிறார். அவர் எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வார்.

பட் மரத்துக்குள் இருக்கும் ஒட்டு, ஏ-ஜாயின்ட், விட்டுப்போனால் கியூவைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று எங்கோ படித்துவிட்டேன். அதிலிருந்து தூக்கம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

#2 சாக்தூசி

பம்பரை (பின்முனை ரப்பரை) கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு முறையும் அந்த ரப்பரைப் பிடித்திருந்த ஸ்க்ரூதான்.

#3 லேத்துப்பட்டறை

தம்பி, முதலில் நன்றாகத் தூங்குங்கள். ஏ-ஜாயின்ட் விட்டாலும் கியூ செத்துப்போகாது. அதைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் அப்புறம் பேசுவோம்.

கியூ ரிப்பேர்தான் என் பிழைப்பு. சத்தம் போடும் கியூ கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, கொண்டுவந்தவர் அதற்குள் என்னென்ன ஊற்றியிருக்கிறார் என்று. அதனால் முதல் வேண்டுகோள்: இடம் தெரியும்வரை பசை பக்கமே போகாதீர்கள்.

சத்தத்தின் குணம் கொஞ்சம் உதவும். குலுக்கும்போதே 'கடகட' என்றால் உள்ளே ஏதோ ஒன்று சுதந்திரமாக உருள்கிறது. வெயிட் போல்ட் (எடை கூட்ட உள்ளே போடுவது), உடைந்த பசை உருண்டை, கழன்ற ஸ்க்ரூ இப்படி. அடித்த கணத்தில் ஒரே ஒரு 'டிக்' என்றால் பெரும்பாலும் முன்பக்கம்: டிப், ஃபெரூல் (டிப்புக்கு அடியில் இருக்கும் உறை), ஷாஃப்டின் வாயில் இருக்கும் பித்தளை இன்சர்ட். உங்களுடையது போல 'கிர்ர்' என்று இழுத்தால், சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு பரப்புகள் நூலிழை விலகி, அதிர்வில் தொட்டுத்தொட்டு விடுகின்றன என்று அர்த்தம். அலங்கார ரிங், பின், போல்ட்டின் மரை, ஏ-ஜாயின்ட், பட் கேப் (பின்முனை மூடி) என எதுவாகவும் இருக்கலாம். 'தொப்' என்று உயிரில்லாமல் விழுந்தால் ஜாயின்ட்டை ஒழுங்காக முறுக்கவில்லை, அல்லது டிப் ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதையோ கையையோ கேட்காதீர்கள். ஒரு முனையில் எழுந்த அதிர்வு மறுமுனைக்குப் போக நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கை எங்கே பிடித்திருக்கிறதோ அங்கேதான் சத்தம் என்று மனசு சொல்லும். கைப்பிடிக்குள் பிரச்சினை என்று சத்தியம் செய்தவர்களின் கியூவில் ஃபெரூல் ஆடியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்று இதைச் செய்யுங்கள். கைக்கடிகாரம், மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நாலு பிரேக் அடியுங்கள். சிரிக்காதீர்கள். அப்புறம் கியூவைப் பிரித்து, பட்டை மட்டும் ஜாயின்ட்டுக்குக் கொஞ்சம் கீழே இரண்டு விரலால் லேசாகத் தொங்கவிட்டுப் பிடித்து, மறுகையின் விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டொங்' என்று ஒரே குரலில் பதில் சொல்லும். விரிசல் விட்ட பானையைச் சுண்டினால் ஒரு கரகரப்பு வருமே, அது எங்கேயாவது வருகிறதா என்று பாருங்கள். ஷாஃப்டையும் அதே மாதிரி தட்டுங்கள்.

அப்புறம் அதே பின் உள்ள வேறு ஒருவருடைய ஷாஃப்டை உங்கள் பட்டில் மாட்டி அடியுங்கள். உங்கள் ஷாஃப்டை அவருடைய பட்டில் மாட்டி அடியுங்கள். சத்தம் யாரோடு போகிறது? பாதிக் கியூ இதிலேயே விடுதலை ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. பட்டைச் செங்குத்தாக, பம்பர் கீழே இருக்கும்படி பிடித்துத் தட்டுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பித் தட்டுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எழுதி வையுங்கள்.

#4 எட்டாம்நம்பர்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? தண்ணி மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூ ஒன்று வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற எல்லா ரிங் இடுக்கிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். அதுவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பத்து நிமிஷ வேலை.

#5 இடக்கை

எட்டாம்நம்பர் சொன்னதை நான் செய்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷ வேலையைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.

ரிங் ஓரத்தில் ஒரு சொட்டுதான் விட்டேன். அது உள்ளே போனது கொஞ்சம், வெளியே வழிந்தது கொஞ்சம். வழிந்ததைத் துடைத்த இடத்தில் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. அதை எடுக்க அசிட்டோன் தொட்டேன், மேல்பூச்சே கையோடு வந்துவிட்டது. சத்தம்? அப்படியே இருந்தது. ஏனென்றால் அது ரிங்கிலிருந்து வரவே இல்லை, ஷாஃப்ட் இன்சர்ட்டிலிருந்து வந்தது. தவறான இடத்தை வெகு சிறப்பாக ஒட்டியிருந்தேன்.

இன்னொரு விஷயம். சூப்பர் க்ளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி. திரும்பத் திரும்ப அடி வாங்கும் இடத்தில் நொறுங்கிவிடும். பிறகு எபாக்ஸி வைக்க வருகிறவர் முதலில் அந்தப் பொடியைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

#6 எட்டாம்நம்பர்

எனக்கு வேலை செய்தது. சொன்னேன், அவ்வளவுதான்.

#7 லேத்துப்பட்டறை

ரிங்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ரிங்கா என்று பார்க்க எளிய வழி: ஒருவர் தட்ட வேண்டும், மற்றவர் சந்தேகப்படும் ரிங்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் 'கிர்ர்' அடங்கி, விட்டதும் திரும்பி வந்தால் அதுதான். பிடித்தும் பிடிக்காமலும் ஒரே மாதிரி இருந்தால் அந்த ரிங்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

#8 கார்பன்காதலன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது கார்பன் ஃபைபர் ஷாஃப்ட். சத்தம் அடிக்கும்போது இல்லை. ஷாஃப்டைச் சாய்த்தால் உள்ளே மணல் ஓடுகிற மாதிரி 'ஸ்ஸ்' என்று ஓடி, முனையில் 'டிக்' என்று நிற்கிறது. இதுவும் தளர்ச்சியா?

#9 லேத்துப்பட்டறை

அது உள்ளே விழுந்த பசைத் துணுக்கு, அல்லது நுரை நிரப்பியதில் உதிர்ந்த பொடி. கார்பன் குழாய் உள்ளே வெற்றிடம். அதிர்வைக் குறைக்க நிறைய ஷாஃப்ட்களில் நுரை வைத்து நிரப்புகிறார்கள். இன்சர்ட்டைப் பொருத்தும்போது பிதுங்கிய எபாக்ஸி காய்ந்து உடைந்தாலும் இப்படித்தான் ஓடும். ஆட்டத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, எரிச்சல் மட்டும்தான்.

ஆனால் ஒன்று பாருங்கள். துணுக்கு வந்தது எங்கிருந்து? இன்சர்ட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். ஷாஃப்டைக் கழற்றும்போது வழக்கத்தைவிட இலகுவாகச் சுற்றினால், பசைப்பிடிப்பு போய்க்கொண்டிருக்கலாம். உத்தரவாதக் காலம் இருந்தால் விற்றவரிடமே கொடுங்கள். சொந்தமாகத் துளை போட்டு எதையும் உள்ளே ஊற்ற வேண்டாம். எடையும் மாறும், உத்தரவாதமும் போகும்.

#10 கோட்டுப்பந்து

அண்ணே, சொன்னதை எல்லாம் செய்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

கடிகாரம், காப்பு இல்லாமல் அடித்தேன். சத்தம் இருக்கிறது. பம்பரைக் கழற்றி அடித்தேன். இருக்கிறது. நண்பருடைய ஷாஃப்டை என் பட்டில் மாட்டினேன். இருக்கிறது. என் ஷாஃப்ட் அவருடைய பட்டில் மணி மாதிரி ஒலிக்கிறது, 'கிர்ர்' இல்லவே இல்லை. ஆக, பட்தான். டிப் நண்பர் முகம் வாடிவிட்டது.

ஜாயின்ட் முகப்பில் மார்க்கர் பேனாவால் லேசாகத் தீட்டி, முறுக்கி, கழற்றிப் பார்த்தேன் (இதை இங்கேயே ஒரு பழைய இழையில் படித்தேன்). சுற்றிலும் மை ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது, எனவே முகப்பு சரியாக உட்காருகிறது. பின்னைத் துணி சுற்றி விரலால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை.

பம்பருக்குப் பின்னால் வெயிட் போல்ட் தெரிந்தது. ஆலன் கீ விட்டு முறுக்கினேன், ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. சரி என்று அதையும் முழுதாக வெளியே எடுத்துவிட்டு அடித்தேன். சத்தம் அப்படியே. போல்ட்டும் விடுதலை.

தட்டிப் பார்த்ததில் ஜாயின்ட் பக்கம் சுத்தமான ஒலி. கைப்பிடிக்குக் கீழே வர வர லேசான கரகரப்பு. தலைகீழாகப் பிடித்ததில்: பம்பர் பக்கம் கீழே இருந்தால் கரகரப்பு தெளிவாக இருக்கிறது, மேலே இருந்தால் குறைகிறது. ஒருவேளை என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இனி மிச்சம் ஏ-ஜாயின்ட்தானே?

#11 பழையமேசை

ஏ-ஜாயின்ட்தான். போல்ட் இல்லை, பின் இல்லை, ஷாஃப்ட் இல்லை என்றால் வேறு என்ன மிச்சம்?

தெரியாதவர்களுக்காக: பெரும்பாலான பட்கள் ஒரே மரம் அல்ல. முன்பாகத்தையும் கைப்பிடியையும் ஒரு ஸ்க்ரூவும் பசையும் வைத்துச் சேர்த்திருப்பார்கள். அந்த இணைப்பு வழக்கமாக ராப் (கைப்பிடியில் சுற்றிய நூல்) ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு ரிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதுதான் ஏ-ஜாயின்ட். மரம் காய்ந்து சுருங்கும் பருவத்தில் பசை விட்டுக்கொடுக்கும். கியூவைப் பூட்டிய காரில் வெயிலில் விட்டால் இன்னும் சீக்கிரம் விடும். பல கியூக்களில் இந்த 'கிர்ர்' நான் கேட்டிருக்கிறேன், அச்சு அசல் இதே சத்தம்.

ஒரு விதிவிலக்கு. உங்களுடையது முழு ஸ்ப்ளைஸ் கியூவா? அதாவது கைப்பிடி மரமே நீண்ட கூர்விரல்களாக முன்பாகத்துக்குள் கோத்துக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் ஏ-ஜாயின்ட் என்ற ஒன்றே கிடையாது, நான் சொன்னதை மறந்துவிடுங்கள். கூர்முனைகள் முன்பாகத்துக்குள்ளேயே முடிந்து, ராப்புக்கு மேலே ஒரு ரிங் ஓடினால் ஏ-ஜாயின்ட் உண்டு.

#12 கோட்டுப்பந்து

ரிங் ஓடுகிறது. 😞

#13 லேத்துப்பட்டறை

அவசரப்படாதீர்கள். பழையமேசை சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் ஏ-ஜாயின்ட்டையும் சோதித்துப் பார்க்கலாம், யூகிக்கத் தேவையில்லை.

ராப்புக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. ஈரத்துணியைப் பிழிவது போல எதிரெதிராகத் திருகுங்கள், மிதமான பலம் போதும். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் நல்லது, ஏனென்றால் தேடுவது கண்ணுக்குத் தெரியாத அசைவு. பசை விட்ட ஜாயின்ட்டில் ஒரு மெல்லிய 'க்ரிக்' விரல் நுனிக்குத் தெரியும். அப்புறம் முழங்காலில் வைத்து வளைக்காமல், இரண்டு கையாலும் மிக லேசாக வளைத்து, ரிங் ஓரத்தில் கட்டை விரல் நகத்தை வைத்துப் பாருங்கள். மேல்பூச்சில் மயிரிழைக் கோடு சுற்றி ஓடினால், அல்லது வளைக்கும்போது நகத்தில் விளிம்பு தட்டினால், சந்தேகப்படலாம்.

விட்டுப்போயிருந்தாலும் வழி இருக்கிறது. ராப்பைப் பிரித்து, அதற்கு அடியில் மறையும் இடத்தில் மிகச்சிறிய துளை ஒன்று போட்டு, உள்ளே பசையைச் செலுத்தி, துளையை அடைத்து, மறுபடி ராப் சுற்றுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. ஆனால் துளை போடுபவருக்கு உள்ளே ஸ்க்ரூ எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சில பட்களில் நீளவாட்டில் ஒரே கோர் மரம் ஓடும், மேலே உள்ளவை எல்லாம் உறை போலத்தான். அதில் 'கிர்ர்' வந்தால் கோருக்கும் உறைக்கும் நடுவில் பசை படாத இடம், அது வேறு வைத்தியம்.

பின் தளர்ந்தால் செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். பின்னைச் சாலிடரிங் இரும்பால் சூடாக்கினால் எபாக்ஸி இளகும், வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி வைக்கலாம். வீட்டில் செய்யாதீர்கள். மையம் துளி விலகினாலும் கியூ மேசையில் உருளும்போது நடுவில் எம்பி எம்பிப் போகும். அதை லேத்தில் கட்டித்தான் செய்ய வேண்டும்.

#14 சாக்தூசி

லேத்து அண்ணன் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னபோது யாரோ சிரித்திருப்பீர்கள். என் கூட ஆடும் ஒருவர் ஒரு வாரம் கியூவோடு சண்டை போட்டார். பம்பர், போல்ட், ரிங் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கையுறை மணிக்கட்டில் இருந்த அழுத்துப் பொத்தான்தான் பட்டில் உரசி 'டிரிங்' என்றிருக்கிறது.

#15 கோட்டுப்பந்து

திருகினேன், வளைத்தேன், கண்ணை மூடிக்கொண்டும் செய்தேன். ஒன்றும் தெரியவில்லை. கோடும் இல்லை. நண்பரைத் தட்டச் சொல்லி ஏ-ஜாயின்ட் ரிங்கை இறுக்கிப் பிடித்தேன், 'கிர்ர்' குறையவே இல்லை. பட் ஸ்லீவுக்கு (கைப்பிடிக்குக் கீழே உள்ள பகுதிக்கு) மேலே உள்ள ரிங்கையும் பிடித்தேன், அங்கேயும் அதே கதை.

ராப்பைப் பிரித்துவிட வேண்டியதுதானா? ஒருவர் துளை போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கியூவில் இதுவரை அவர் துளை போட்டதில்லை, ஆனால் மரவேலை தெரிந்தவர்.

#16 பழையமேசை

உள்ளே ஆழமாக விட்டிருந்தால் வெளியே தெரியாது. எனக்குச் சந்தேகமே இல்லை.

#17 மூலைப்பாக்கெட்

ஒரு நிமிஷம், துளையைத் தள்ளி வையுங்கள்.

எல்லோரும் #10-இல் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பம்பர் கீழே இருந்தால் கரகரப்பு அதிகம், மேலே இருந்தால் குறைவு என்று எழுதியிருக்கிறார். பசை விட்ட இடுக்குக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. கியூவை எப்படித் திருப்பினாலும் அந்த இடுக்கு அப்படியேதான் இருக்கும். தலைகீழாக்கினால் சத்தம் மாறுகிறது என்றால் தன் எடையால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்கிற ஒரு பொருள் உள்ளே இருக்கிறது. அது சுதந்திரமாக உருளவும் இல்லை, ஏனென்றால் குலுக்கினால் சத்தம் இல்லை. ஒரு மயிரிழை இடம் மட்டும் கிடைத்த ஏதோ ஒன்று.

கோட்டுப்பந்து, மூன்று கேள்வி. வெளியே எடுத்த போல்ட்டின் நீளம் என்ன? எடை என்ன? போல்ட் இல்லாத துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா, இல்லை போல்ட் வெளியே வந்ததும் துளை காலி என்று முடிவு கட்டிவிட்டீர்களா?

ஒரு மெல்லிய குச்சியை உள்ளே விட்டு அது எங்கே முட்டுகிறது, முட்டும்போது மரத்தின் சத்தமா இரும்பின் சத்தமா என்றும் பாருங்கள்.

#18 லேத்துப்பட்டறை

மூலைப்பாக்கெட் அக்காவுக்கு ஒரு வணக்கம். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னவனே நான், பதில் வந்ததும் படிக்காமல் விட்டவனும் நான்.

#19 கோட்டுப்பந்து

அக்கா!!!

இப்போதுதான் பார்த்தேன், கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்த போல்ட் இரண்டு அங்குலம், 43 கிராம். துளைக்குள் குச்சி விட்டேன். நாலு அங்குலத்தில் முட்டியது. 'டிண்' என்று இரும்புச் சத்தம்! டார்ச் அடித்தால் ஆழத்தில் ஒரு ஆறுமூலைப் பள்ளம் மினுக்குகிறது. உள்ளே இன்னொரு போல்ட்.

நீளமான ஆலன் கீ இரவல் வாங்கி உள்ளே விட்டேன். முறுக்க வேண்டிய வேலையே இல்லை. கீயை வைத்து விரல் நுனியால் சுழற்றியதுமே தானாகச் சுற்றியது, ஆனால் மரை பிடித்திருந்ததால் உருளவில்லை. நாலைந்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வெளியே கொண்டுவந்தேன். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே நீளம், 15 கிராம். மரையில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அங்கேதான் அது மரத்தோடு உரசிக்கொண்டு பாடியிருக்கிறது.

பம்பரை மாட்டி, வெளிப் போல்ட்டை மட்டும் திரும்பப் போட்டு, பத்து பிரேக் அடித்தேன். சத்தம் இல்லை. மறுபடி சின்ன போல்ட்டைப் பழைய இடத்தில் தளர்வாகவே வைத்து அடித்தேன் (உறுதி செய்துகொள்ளத்தான்). 'கிர்ர்' வந்துவிட்டது. எடுத்தேன், போய்விட்டது.

முன்பு வைத்திருந்தவர் எடை கூட்டுவதற்காக ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் போட்டிருக்கிறார் போல. நான் வெளிப் போல்ட்டைப் பார்த்ததும் ஆகா கண்டுபிடித்துவிட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

#20 பழையமேசை

ஒத்துக்கொள்கிறேன், நான் தவறு. அந்தத் துளை போடத் தயாராக இருந்த மரவேலைக்காரரிடம் என் சார்பிலும் வருத்தம் சொல்லிவிடுங்கள்.

#21 கோட்டுப்பந்து

இப்போது வேறு சிக்கல். மொத்த எடை 561 கிராமிலிருந்து 546 ஆகிவிட்டது. சத்தம் இல்லை, ஆனால் முன்பக்கம் கனக்கிற மாதிரி இருக்கிறது. 15 கிராம் இவ்வளவு செய்யுமா, இல்லை மனப்பிரமையா?

#22 லேத்துப்பட்டறை

மனப்பிரமை இல்லை. அந்த 15 கிராம் பட்டின் கடைசியிலிருந்து நாலரை அங்குலம் அளவில் இருந்தது. கியூவின் சமநிலைப் புள்ளி கடைசியிலிருந்து 18, 19 அங்குலத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதை எடுத்ததும் அந்தப் புள்ளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்திருக்கும். பழகிய கைக்கு ஒரு சென்டிமீட்டர் நன்றாகவே தெரியும். ஒரு விரல் மேல் கியூவைக் கிடத்தி எங்கே நிற்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.

பழைய எடைதான் வேண்டும் என்றால் இரண்டு போல்ட்டையும் திரும்ப அடுக்காதீர்கள். உள்ளே இருப்பது இறுக்கமாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது, மறுபடி இதே கதைதான். இரண்டு அவுன்ஸுக்கு, அதாவது 57 கிராமுக்கு அருகில், அதே மரை உள்ள ஒற்றைப் போல்ட் வாங்கிப் போடுங்கள். மரை ஒரே அளவா என்று பழையதை வைத்து ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

மரத்தில் வெட்டிய மரை தேய்ந்து போல்ட் லேசாக ஆடினால், குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றி ஏற்றுங்கள். பசை வேண்டாம், நாளைக்கு எடை மாற்ற வேண்டும் என்றால் வெளியே வராது. அதைவிட முக்கியம், முடிந்த மட்டும் முறுக்குவேன் என்று மல்லுக்கட்டாதீர்கள். துளையின் அடியில் முட்டிய பிறகும் முறுக்கினால் போல்ட் ஆப்பு மாதிரி வேலை செய்து பட்டைப் பிளக்கும். கை நின்றதும் நிறுத்துங்கள்.

#23 எட்டாம்நம்பர்

கூட ரெண்டு அவுன்ஸ் போட்டால் பிரேக் பறக்குமே, எதற்கு அளவு பார்க்கிறீர்கள்?

#24 இடக்கை

எடை கூடினால் கை வேகம் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம் உலக பூல் சங்கத்தின் விதிப்படி கியூ 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. அவருடையது 20-க்குக் கீழே, இடம் இருக்கிறது என்றாலும் எதற்கு?

#25 மெல்லடி

இந்த இழையைப் படித்துவிட்டு என் கியூவையும் தட்டிப் பார்த்தேன், இப்போது எனக்கும் தூக்கம் போய்விட்டது. என்னுடையது 'டிக்' வகை. மெதுவாக அடித்தாலும் வருகிறது. ஷாஃப்ட் மாற்றிப் பார்த்ததில் ஷாஃப்ட்டோடு போகிறது. டிப் போன மாதம்தான் மாற்றியது, அடுக்குத் தோல் டிப்.

#26 லேத்துப்பட்டறை

நல்ல வேலை, பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. மூன்று இடம் மிச்சம்.

டிப்பின் பக்கவாட்டில் நகத்தை வைத்துச் சுற்றிலும் தள்ளிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் இமை மாதிரி திறந்து மூடினால் ஒட்டியது சரியில்லை. அடுக்குத் தோலில் இன்னொன்று நடக்கும். ஃபெரூலோடு ஒட்டிய அடுக்கு நன்றாகவே இருக்கும், அதற்கு மேலே இரண்டு அடுக்கு ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும், புத்தகத்தின் ஏடு பிரிவது போல. லேசாக அழுத்தினால் நடுவில் ஒரு கோடு வாய் திறக்கும்.

அது சரியாக இருந்தால் ஃபெரூலும் மரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சாக் (டிப்பில் தேய்க்கும் நீலத் தூள்) நிறத்தில் மெல்லிய வளையம் தெரிகிறதா? பிழிந்த துணியால் துடையுங்கள். பத்து ரேக் (பத்து ஆட்டம்) ஆடிய பிறகு அதே இடத்தில் நீலக் கோடு திரும்பி வந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது, சாக் தூள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஃபெரூலை ரப்பர் துண்டால் பிடித்துத் திருகினால் சில நேரம் மரத்தின் மேல் சுற்றவே செய்யும். ஃபெரூலிலேயே மேலிருந்து கீழாக மயிரிழை விரிசல் இருந்தாலும் 'டிக்' வரும், அதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாவது இன்சர்ட். ஜாயின்ட் பக்கம் இருக்கும் பித்தளை மரை. கழற்றும்போது முதல் கால் சுற்றில் ஏதாவது நழுவுகிற மாதிரி இருக்கிறதா?

போன மாதம் மாற்றியது என்பதால் நான் டிப் மேல்தான் பந்தயம் கட்டுவேன். ஆனால் போன முறை இங்கே பந்தயம் கட்டியவர்கள் கதி உங்களுக்கே தெரியும், பார்த்துவிட்டே சொல்லுங்கள்.

#27 மெல்லடி

நீலக் கோடு இருக்கிறது. துடைத்துவிட்டேன். இன்று மாலை பத்து ரேக்.

#28 கோட்டுப்பந்து

ஒற்றைப் போல்ட் வந்துவிட்டது. 56 கிராம். டேப் இரண்டு சுற்று, கை நின்றதும் நிறுத்திவிட்டேன். போடுவதற்கு முன் துளைக்குள் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தேன், மூன்றாவதாக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நேற்று முழுக்க ஆடினேன், சத்தம் இல்லை.

டிப் நண்பர் மட்டும் இன்னும் டிப்பை மாற்றச் சொல்கிறார்.

#29 மெல்லடி

கோடு திரும்பி வந்துவிட்டது. ஃபெரூல். அண்ணே, இதை ஒட்டத் தரலாமா, புதிதே போட வேண்டுமா?

#30 லேத்துப்பட்டறை

விரிசல் இல்லையென்றால் அதையே எடுத்து, உள்ளே பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு மறுபடி எபாக்ஸி வைக்கலாம். டிப் போகும், அதைத் தவிர்க்க முடியாது. விரிசல் இருந்தால் புதியது. ஒரு இரவு முழுக்கக் காயவிட்ட பிறகே ஆடுங்கள்.